சீசன் கடைசியில் திடீரென்று ஜெயிக்கும் அணி: கோச்சை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா?

2024 மார்ச் 31 ராத்திரி, கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில், இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தில், சென்னையின் எஃப்சி மோகன் பகானை 3-2 என்று வென்றது. அடுத்த ஒன்பது நாளுக்குள் ஜாம்ஷெட்பூரையும் நார்த்ஈஸ்ட்டையும் 2-1, 2-1 என்று முடித்தது. பட்டியலின் கீழ்ப்பக்கத்தில் தடுமாறிக்கொண்டிருந்த அணி ஆறாம் இடத்தைப் பிடித்து, நான்கு வருடம் கழித்து பிளே-ஆஃபுக்குப் போனது. சீசன் முழுக்கக் கோச் ஓவன் கோய்லைத் திட்டித் தீர்த்த நண்பர்கள் ஒரே வாரத்தில் "அவரே இருக்கட்டும்பா" என்றார்கள். நானும் அதையேதான் சொன்னேன். கோய்ல் இருந்தார். அடுத்த சீசனில் 13 அணிகளில் 11-ஆம் இடம்.

அதிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. கால்பந்து பார்க்கும் யாருக்கும் இது ஒரு முறையாவது வந்திருக்கும்: ஏழெட்டு மாதம் மோசமாக ஆடிய அணி கடைசி இரண்டு மாதம் பிரமாதமாக ஆடினால் எதை நம்புவது? முன்பு சொன்ன விமர்சனம் எல்லாம் தவறா, அல்லது இந்த வெற்றிகள்தான் கண்ணைக் கட்டுகின்றனவா? இதே நிலையில் வெவ்வேறு கிளப்புகள் வெவ்வேறு முடிவு எடுத்திருக்கின்றன, அதன் விளைவுகளும் நம் கண்முன்னே இருக்கின்றன. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

## முதலில், எதை வைத்து எடை போடுவது?

திருப்பம் எங்கிருந்து வந்தது. இதுதான் முதல் கேள்வி, என் கணக்கில் பாதிக் கேள்வியும் இதுதான். கோச் ஆட்ட அமைப்பை மாற்றினாரா, ஒதுக்கி வைத்திருந்த பையனை இறக்கினாரா, காயத்திலிருந்து யாராவது திரும்பினார்களா, அல்லது ஒரே ஒரு ஸ்ட்ரைக்கர் தொட்டதெல்லாம் கோலானதா? முதல் இரண்டும் கோச்சின் வேலை, அடுத்த சீசனுக்கும் வரும். கடைசியில் சொன்னது அந்த ஸ்ட்ரைக்கர் விமானம் ஏறினால் அவரோடு போய்விடும்.

யாரை ஜெயித்தார்கள், எவ்வளவு வித்தியாசத்தில். ஏப்ரல், மே மாதங்களில் பாதி அணிகளுக்கு ஆட எதுவும் மிச்சமிருக்காது. பதினோராம் இடத்தில் இருக்கும் அணி டிசம்பரில் ஓடுகிற மாதிரி மே மாதத்தில் ஓடாது.

விமர்சனம் எதைப் பற்றியது. இதை நாம் கலந்துகட்டிப் பேசிவிடுகிறோம். கோச்சைத் திட்டுவது மூன்று வகை: தோற்கிறார், ஆட்டத்தில் ஒரு திட்டம் தெரியவில்லை, நடந்துகொள்ளும் விதம் சரியில்லை. கடைசி நேர வெற்றிகள் முதல் வகைக்கு மட்டும்தான் பதில் சொல்கின்றன. மற்ற இரண்டும் அப்படியே இருக்கும், ஜெயிக்கிற சந்தோஷத்தில் யாரும் பேசமாட்டார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் இரண்டு நடைமுறைக் கேள்விகள்: ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் பாக்கி, அவர் போனால் வர ஆள் தயாரா. இவற்றை ஒவ்வொரு வழியிலும் பார்ப்போம்.

## வழி 1: சந்தோஷத்தோடு ஒப்பந்தத்தையும் நீட்டிப்பது

2023-24-இல் மான்செஸ்டர் யுனைடெட் பிரீமியர் லீக்கில் எட்டாம் இடம். 14 தோல்வி, அடித்ததைவிட வாங்கிய கோல் அதிகம். கோச் எரிக் டென் ஹாக் மீதான குறை வெறும் தோல்விகளைப் பற்றியது மட்டும் இல்லை. நடுக்களம் திறந்து கிடக்கிறது, எதிரணிகள் இஷ்டத்துக்கு ஷாட் அடிக்கின்றன, இரண்டு வருடமாகியும் இந்த அணி எப்படி ஆட விரும்புகிறது என்றே தெரியவில்லை என்பதுதான். அதாவது இரண்டாம் வகை விமர்சனம்.

மே 25-ஆம் தேதி எஃப்ஏ கோப்பை இறுதி. கார்னாச்சோ, மைனூ இருவரும் அடிக்க, மான்செஸ்டர் சிட்டியை 2-1 என்று வென்றார்கள். உண்மையிலேயே நல்ல ஆட்டம், அன்று சிட்டியைத் திட்டத்தோடு மடக்கினார்கள். ஆனால் ஒரு ஆட்டம். அதற்குப் பிறகு கிளப் சில வாரம் யோசித்தது, யோசிப்பது ஊருக்கே தெரிந்தது, கடைசியில் அவரே இருக்கட்டும் என்று சொல்லி ஜூலையில் ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டித்தது.

அக்டோபர் 28-ஆம் தேதி நீக்கிவிட்டார்கள். ஒன்பது ஆட்டங்களில் 11 புள்ளி, 14-ஆம் இடம்.

இங்கே வெளியே தெரியும் செலவு ஒன்று, தெரியாத செலவு ஒன்று. தெரிவது: டென் ஹாக்கையும் அவரது குழுவையும் அனுப்ப 1.04 கோடி பவுண்டு ஆனதாக கிளப்பின் கணக்கிலேயே வந்தது. அடுத்த கோச் ரூபன் அமோரிமை ஸ்போர்ட்டிங் கிளப்பிலிருந்து எடுக்கத் தனித் தொகை. தெரியாதது அந்தக் கோடையில் வாங்கிய வீரர்கள். டி லிக்ட், மஸ்ராவி இருவரும் அயாக்ஸில் டென் ஹாக்கிடமே ஆடியவர்கள். இவர்களோடு இன்னும் சிலரையும் சேர்த்துப் பெரும் பணம் செலவானது. மூன்று மாதத்தில் கோச் போய், மூன்று டிஃபெண்டர் முறையோடு அமோரிம் வந்தார். ஒருவருடைய ரசனைக்கு வாங்கிய சாமானை வைத்து இன்னொருவர் சமைக்க வேண்டிய நிலை. அந்த சீசன் 15-ஆம் இடத்தில் முடிந்தது.

நீட்டிப்பது எப்போது சரி? கிளப்புக்கு உள்ளே ஒருத்தருக்கும் சந்தேகம் இல்லாதபோது மட்டும். பாதி மனதோடு நீட்டிப்பது எல்லாவற்றையும்விட மோசமான முடிவு என்பது என் உறுதியான எண்ணம், ஏனென்றால் அதில் அனுப்பும் செலவும் உண்டு, வைத்துக்கொள்ளும் செலவும் உண்டு, நிம்மதி மட்டும் கிடையாது.

## வழி 2: வைத்துக்கொள்வது, ஆனால் ஒப்பந்தத்தைத் தொடாமல் விடுவது

2020 கிறிஸ்துமஸ் அன்று ஆர்சனல் 14 ஆட்டங்களில் 14 புள்ளியோடு 15-ஆம் இடத்தில் இருந்தது. கோச் மிக்கேல் ஆர்டெட்டாவுக்கு அதற்குமுன் தலைமைக் கோச் அனுபவமே இல்லை என்று சொல்லாதவர் இல்லை. மறுநாள் செல்சிக்கு எதிராக ஸ்மித் ரோ, சாக்கா, மார்ட்டினெல்லி என்று மூன்று பையன்களை ஒன்றாக இறக்கினார். 3-1 வெற்றி. அங்கிருந்து மீதி 24 ஆட்டங்களில் 47 புள்ளி, கடைசி ஐந்து ஆட்டமும் வெற்றி.

அப்படியும் எட்டாம் இடம்தான். யூரோப்பா லீக் அரையிறுதியில் வியாரியாலிடம் தோற்றார்கள், அதுவும் ஆர்சனல் நீக்கிய உனாய் எமெரி கோச்சாக இருந்த அணியிடம். 25 வருடத்தில் முதல்முறையாக ஐரோப்பியப் போட்டி எதுவும் இல்லாத சீசன் வந்தது. ரசிகர்கள் கொதித்ததில் நியாயம் இருந்தது.

என்ன வித்தியாசம்? திருப்பத்தின் காரணத்தை விரலால் தொட்டுக் காட்ட முடிந்தது. இளம் வீரர்களை நம்பினார், பந்து முன்னே போனது. அது ஒரு ஆட்டத்தில் வந்துபோனது கிடையாது, ஐந்து மாதம் நீடித்தது. கிளப்பும் அதே திசையில் பணம் போட்டது: 2021 கோடையில் வாங்கிய ஆறு பேரில் யாருக்கும் 23 வயதுக்கு மேல் இல்லை. ஒப்பந்தம் ஏற்கெனவே 2023 வரை இருந்ததால் யாரும் அவசரப்படவில்லை.

இந்த வழியின் மறைந்திருக்கும் விலை ஆகஸ்ட்டில் தெரியும். அடுத்த சீசனின் முதல் மூன்று லீக் ஆட்டங்களும் தோல்வி. ஒரு கோல்கூட அடிக்கவில்லை, ஒன்பது வாங்கினார்கள், பட்டியலில் கடைசி இடம். மே மாதம் வைத்துக்கொள்ள முடிவெடுத்தவர்களுக்கு இந்த மூன்று வாரத்தைத் தாங்கும் தெம்பு வேண்டும். ஆர்சனல் தாங்கியது. ஐந்தாம் இடத்தில் முடியும் நேரத்தில்தான், 2022 மே மாதம், ஒப்பந்தத்தை 2025 வரை நீட்டித்தார்கள். அதன்பிறகு தொடர்ந்து மூன்று முறை இரண்டாம் இடம்.

ஒரு எச்சரிக்கை. ஒப்பந்தத்தில் ஒரே வருடம் மிச்சமிருந்தால் இந்த வழி கஷ்டம். ட்ரெஸ்ஸிங் ரூமில் எல்லாருக்கும் அவர் போகப் போகிறவர் என்று தெரிந்துவிடும், புதிதாக வர நினைக்கும் வீரரும் "கோச் இருப்பாரா?" என்றுதான் முதலில் கேட்பார்.

## வழி 3: நன்றி சொல்லி அனுப்புவது

பலருக்கு இது துரோகம் மாதிரித் தெரியும். காப்பாற்றிக் கொடுத்தவனை வாசலுக்கு அனுப்புவதா? ஆனால் கால்பந்து வரலாற்றின் மிகப் பெரிய அதிசயங்களில் ஒன்று இந்த முடிவுக்குப் பிறகுதான் நடந்தது.

லெஸ்டர் சிட்டி, 2014-15. 29 ஆட்டங்களில் 19 புள்ளி. சீசனில் மொத்தம் 140 நாள் பட்டியலின் அடியில் கிடந்தது. ஒன்பது ஆட்டம் பாக்கி, பாதுகாப்பான இடத்துக்கு ஏழு புள்ளி தூரம். அந்த ஒன்பதில் ஏழு வெற்றி, ஒரு டிரா, ஒரு தோல்வி. 41 புள்ளியோடு 14-ஆம் இடம்.

முதல் கேள்வியைக் கேட்போம்: எங்கிருந்து வந்தது? கோச் நைஜல் பியர்சன் மூன்று டிஃபெண்டர் முறைக்கு மாறினார், பிப்ரவரி தொடக்கத்தில் ஸ்டோக்கிலிருந்து கடனாக வந்த ராபர்ட் ஹூத் பின்வரிசையைக் கட்டிப்போட்டார், நடுவில் கேம்பியாஸோவின் அனுபவம். இதெல்லாம் கோச்சின் வேலை, மறுக்கவே முடியாது. இரண்டாம் கேள்வி: யாரை ஜெயித்தார்கள்? இங்கே கொஞ்சம் கலவை. பர்ன்லியும் க்யூபிஆரும் அந்த வருடமே கீழ் டிவிஷனுக்கு இறங்கியவை. நியூகாசில் அந்த நேரத்தில் தொடர்ந்து எட்டு ஆட்டம் தோற்றுக்கொண்டிருந்த அணி. பர்ன்லி ஆட்டத்தில் அவர்களுடைய பெனால்டி போஸ்ட்டில் பட்டுத் திரும்பி, ஒரு நிமிடத்துக்குள் மறுபக்கம் லெஸ்டரின் வார்டி கோல் அடித்தார். அதுதான் ஆட்டத்தின் ஒரே கோல். உழைப்பு நிஜம், அதிர்ஷ்டமும் நிஜம்.

மூன்றாம் கேள்வியில்தான் பியர்சன் மாட்டினார். பிப்ரவரியில் பக்கக்கோட்டருகே கிரிஸ்டல் பேலஸ் வீரர் மெக்கார்தரின் கழுத்தில் கை வைத்தார். ஏப்ரல் கடைசியில், அணி ஜெயித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, ஒரு பத்திரிகையாளரை நெருப்புக்கோழியோடு ஒப்பிட்டுப் பேசினார். சீசன் முடிந்த தாய்லாந்து பயணத்தில் நடந்த விவகாரத்தில் கிளப் மூன்று இளம் வீரர்களை நீக்கியது, அதில் ஒருவர் அவருடைய மகன். ஜூன் 30-ஆம் தேதி பியர்சனையும் அனுப்பினார்கள். பார்வையில் அடிப்படை வேறுபாடு என்பதுதான் சொன்ன காரணம். தோல்வி பற்றிய விமர்சனத்துக்கு அவர் களத்தில் பதில் சொல்லிவிட்டார். மற்றதற்குப் பதில் களத்தில் கிடையாது.

வந்தவர் கிளாடியோ ரனியேரி, கிரீஸ் அணியோடு ஃபாரோ தீவுகளிடம் தோற்று வேலை இழந்தவர். லெஸ்டரில் பிறந்து வளர்ந்து அந்த கிளப்புக்கே ஆடிய லீனேக்கர்கூட நம்ப முடியாமல் 'ரனியேரியா, நிஜமாகவா?' என்று வெளிப்படையாகக் கேட்டார். பத்து மாதம் கழித்து 81 புள்ளியோடு லீக் பட்டம். பந்தயக்காரர்கள் 5000-க்கு 1 கொடுத்திருந்த பட்டம்.

"அப்படியானால் அனுப்புவதுதான் சரி" என்று இங்கே தாவிவிடக்கூடாது, இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும். லெஸ்டர் அனுப்பியது ஒரு ஆளைத்தான், வீட்டை இடிக்கவில்லை. துணைக் கோச் கிரெய்க் ஷேக்ஸ்பியர் இருந்தார், வீரர்களைத் தேடிப் பிடிக்கும் ஸ்டீவ் வால்ஷ் இருந்தார். ஃபுக்ஸ், ஒகாஸாகி இருவரும் பியர்சன் போகும் முன்பே ஒப்பந்தமானவர்கள். அந்தக் கோடையில் கான்டேயும் வந்தார். ரனியேரியும் வந்ததும் வராததுமாக எல்லாவற்றையும் கலைக்கவில்லை. இருந்ததைக் கவனித்து, பிறகு மெதுவாக நான்கு டிஃபெண்டர் முறைக்கு மாறினார். பியர்சன் விதைத்ததில் ஒரு பங்கு ரனியேரி அறுத்தது என்று நான் நம்புகிறேன், அதனால் ரனியேரியின் பெருமை குறையாது.

டாட்டன்ஹாமின் 2025 முடிவு இதே வழியின் இன்னொரு முகம். லீக்கில் 22 தோல்வி, 17-ஆம் இடம். ஆனால் மே 21-ஆம் தேதி பில்பாவோவில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வென்று யூரோப்பா லீக் கோப்பை, 17 வருடத்தில் முதல் கோப்பை. பதினாறு நாளில் கோச் ஏஞ்ச் போஸ்டெகோக்லூவை அனுப்பினார்கள். கடைசி 66 லீக் ஆட்டங்களில் 78 புள்ளி என்ற கணக்கை கிளப் அறிக்கையிலேயே எழுதியது. ரசிகர் மனதுக்கு அது கொடுமை, கோப்பையோடு ஊர்வலம் போன கால் வலி தீரும் முன்பே. ஆனால் ஒரு இரவை வைத்து முடிவெடுக்காமல் இரண்டு வருடத்தை வைத்து எடுத்தார்கள் என்ற அளவில் அந்தக் கணக்கை நான் மதிக்கிறேன்.

இந்த வழியின் மறைந்த விலை பணத்தைவிட மனிதர்கள்தான். காப்பாற்றிய கோச்சை நேசித்த வீரர்கள் கிளப்பின் மீது நம்பிக்கை இழக்கலாம், அடுத்து வருகிறவரை முதல் நாளிலிருந்தே சந்தேகத்தோடு பார்க்கலாம்.

## வழி 4: தற்காலிகமாக வந்து தூக்கிவிட்டவரையே நிரந்தரமாக்குவது

2018 டிசம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குத் தற்காலிகக் கோச்சாக வந்த சோல்ஷேர் 19 ஆட்டங்களில் 14 வென்றார், பாரிஸில் பிஎஸ்ஜியை 3-1 என்று அடித்துத் திருப்பியது உட்பட. மார்ச் 28-ஆம் தேதி மூன்று வருட ஒப்பந்தம். அந்த சீசனில் மிச்சமிருந்த பத்து ஆட்டங்களில் இரண்டு வெற்றிதான், ஆறாம் இடம். சீசன் முடிய ஆறேழு வாரம் இருந்தது, அவரை வேறு யாரும் தூக்கிக்கொண்டு போகக் காத்திருக்கவும் இல்லை. பொறுத்திருந்தால் முழுப் படமும் இலவசமாகக் கிடைத்திருக்கும்.

செல்சியின் டி மாட்டியோ 2012-இல் எஃப்ஏ கோப்பையும் சாம்பியன்ஸ் லீக்கும் வாங்கிக் கொடுத்தார், ஜூனில் இரண்டு வருட ஒப்பந்தம் வாங்கினார், நவம்பரில் போனார். புது ஆள் வந்த வேகம் என்பது பெரும்பாலும் பழைய ஆள் போன நிம்மதி. அது எத்தனை வாரம் தாங்கும் என்று பார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது.

இதற்கு நேர் எதிரான ஆபத்தை நாம் சென்னையில் பார்த்தோம். 2019-20-இல் முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட அடிக்காத அணி. நவம்பர் கடைசியில் ஜான் கிரிகோரி விலக, சீசன் நடுவில் கோய்ல் வந்தார். நான்காம் இடம், அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 என்று வென்றார்கள், மார்ச் 14-ஆம் தேதி கொரோனாவால் காலி மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஏடிகே-யிடம் 1-3. அவரை வைத்துக்கொள்ள வேண்டுமா என்று யாருக்கும் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் ஜாம்ஷெட்பூருக்குப் போனார், 15 கோல் அடித்த வால்ஸ்கிஸும் அங்கேயே போனார். 2022-இல் அந்த அணி லீக் பட்டியலில் முதலிடம் பிடிப்பவருக்குத் தரும் ஷீல்டை வென்றது. திருப்பிக் காட்டிய கோச்சுக்குச் சந்தையில் விலை ஏறும். சோல்ஷேர் விஷயத்தில் பொறுத்திருக்க வேண்டும் என்றால், இங்கே வேகம் வேண்டியிருந்தது.

## ஒரே பார்வையில்

| நிலைமை | எனக்குச் சரியென்று படுவது | கவனிக்க வேண்டிய செலவு |
|---|---|---|
| காரணம் தெளிவு, பல மாதம் நீடித்தது, ஒப்பந்தம் இரண்டு வருடம் பாக்கி | வைத்துக்கொள், நீட்டிக்காதே | ஆகஸ்ட்டில் தோற்றால் வரும் அழுத்தம் |
| ஒரே கோப்பை அல்லது மூன்று நான்கு வெற்றி, ஆட்டத்தில் மாற்றம் இல்லை | அனுப்பு, அதுவும் வீரர்களை வாங்கும் முன்பே | ரசிகர் கோபம், வீரர் மனநிலை |
| வெற்றி நிஜம், ஆனால் நடத்தை பற்றிய புகார் | கீழே உள்ள அமைப்பு உறுதியாக இருந்தால் அனுப்பு | அமைப்பும் சேர்ந்து கலைந்தால் பெரிய இழப்பு |
| தற்காலிக ஆள், வேறு கிளப் தேடவில்லை | சீசன் முடியும்வரை பொறு | அதிகம் இல்லை |
| தற்காலிக ஆள், மற்றவர்கள் தேடுகிறார்கள் | முக்கிய வீரரோடு சேர்த்துப் பேசி முடி | அவசரத்தில் தவறான ஆளுக்கு நீண்ட ஒப்பந்தம் |

## சென்னைக்குத் திரும்பினால்

2015 நினைவிருக்கும். அடியில் கிடந்த அணி கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வென்று மூன்றாம் இடம். மழை வெள்ளத்தால் நம் ஊரில் ஆட வேண்டிய அரையிறுதி புனேக்குப் போனது, அங்கே ஏடிகே-யை 3-0 என்று அடித்தார்கள். டிசம்பர் 20 அன்று கோவாவில் இறுதி. 90-ஆம் நிமிடம் வரை 1-2 என்று பின்னால். கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் சொந்த கோல், அடுத்த இரண்டு நிமிடத்தில் நம் மெண்டோசாவின் கோல். அந்த இரவை மறக்க மாட்டேன். அதே கோச் மாட்டராட்ஸிதான் அடுத்த வருடமும். மெண்டோசா இல்லை. எட்டு அணிகளில் ஏழாம் இடம். அந்த 2015 ஓட்டத்தில் 13 கோல் அடித்த கொலம்பியக்காரர் மெண்டோசாவின் பங்கு எவ்வளவு, கோச்சின் பங்கு எவ்வளவு என்று நாங்கள் யாரும் கேட்கவே இல்லை.

2024-இலும் கேட்கவில்லை. இன்று அந்த முடிவுகளை எடுத்துப் பார்த்தால் எல்லாம் அங்கேயே எழுதியிருக்கிறது: மூன்று வெற்றியும் ஒரே ஒரு கோல் வித்தியாசம், லீக்கின் கடைசி ஆட்டத்தில் கோவாவிடம் 1-4, நாக்அவுட்டில் அதே கோவாவிடம் 1-2, 22 லீக் ஆட்டங்களில் 11 தோல்வி. கோய்ல் நல்ல கோச், அதை 2020-இல் எங்களுக்கே காட்டியவர். ஆனால் அந்த ஏப்ரலில் நாங்கள் பேசியிருக்க வேண்டியது அவர் இருப்பதா போவதா என்பதை மட்டும் இல்லை. இருந்தால் பின்வரிசைக்கு யாரைக் கொண்டுவரப் போகிறார், ஒரு கோலில் தப்பித்த ஆட்டங்களை இரண்டு கோலில் ஜெயிக்க என்ன வைத்திருக்கிறார் என்பதை. மோகன் பகானை அவர்கள் மண்ணில் வென்ற ராத்திரியில் அதைக் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை.